போர் போட்டா அவன் இஷ்டம், பொண்ணு போன் பேசுனா ஊர்ப் பிரச்சனை

எங்க ஊர்ல எந்த விஷயத்தை "அது அவன் இஷ்டம்ப்பா"ன்னு விட்டுடறாங்க, எந்த விஷயத்துக்கு ஊரே கூடி வந்து கேள்வி கேக்குதுன்னு உக்காந்து யோசிச்சுப் பாத்தா தலை சுத்திடும். ஒருத்தர் ஆயிரம் அடிக்கு போர் போட்டு சுத்தி இருக்குற நாலு கிணத்தையும் காய வைக்கலாம், கேட்டா என் நிலம் என் காசு, அதோட பேச்சு முடிஞ்சுது. மாரியம்மன் பண்டிகைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரேடியோ செட்டை அலற விடலாம், பரீட்சைக்குப் படிக்கிற பசங்க, நெஞ்சு வலிக்காரங்க எல்லாம் காதுல பஞ்சு வச்சிக்கணும். ஆனா தர்மபுரி காலேஜுக்குப் போற ஒரு பொண்ணு பஸ் ஸ்டாண்டுல யாரோ ஒரு பையன்கிட்ட அஞ்சு நிமிஷம் நின்னு பேசுனா போதும், அது ஊர் பஸ்ஸ விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே சேதி வீட்டு வாசல்ல நிக்கும். அதுல யாருக்கு என்ன நட்டம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அடுத்தவன் வயித்துல அடிக்கிற காரியத்துக்கு சுதந்திரம்னு பேரு, யாரையும் தொடாத காரியத்துக்குக் கட்டுப்பாடு.

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். வேலை ஓசூர்ல ஒரு கம்பெனில, நிலத்தை அம்மா பாத்துக்கறாங்க, லீவுல நான் போவேன். அதனால போர் கதையிலருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் எனக்குப் பக்கத்துல இருந்து தெரியும். எங்க கொல்லையிலயும் (எங்க பக்கம் நிலத்தைக் கொல்லைன்னுதான் சொல்லுவோம்) போர் இருக்கு, யாரோ செய்யற தப்பு மாதிரி தள்ளி நின்னு பேசல.

வெயில் காலத்துல எங்க பக்கம் ராத்திரி எங்க நின்னு கேட்டாலும் தூரத்துல எங்கயாவது ஒரு ரிக் வண்டி கத்திக்கிட்டே இருக்கும். திருச்செங்கோட்டு வண்டிங்கதான் பெரும்பாலும், அவங்க இந்தியா பூரா போய் ஓட்டை போடறவங்க. போர் போடறதுக்கு முன்னாடி ஒருத்தரு உள்ளங்கைல தேங்காய வச்சிக்கிட்டு கொல்லைய குறுக்க நெடுக்க நடப்பாரு, தேங்கா எங்க எந்திரிச்சு நிக்குதோ அங்க நீரோட்டம்னு ஒரு குச்சிய நடுவாங்க. அப்புறம் பூசை, கற்பூரம், அப்புறம் வண்டி. மேல மண்ணு இருக்குற வரைக்கும் கேசிங் பைப்பு, கல்லு தட்டுனதும் ஆறரை இஞ்ச் ஓட்டை நேரா கீழ. முதல்ல செம்மண்ணு வரும், அப்புறம் சாம்பல் கலர்ல மாவு, மாவுன்னா கோலமாவு மாதிரி, பக்கத்துல இருக்குற மாமரம் எல்லாம் வெள்ளையாயிடும். அடிக்கு இவ்வளவுன்னு ரேட்டு, ஆழம் போகப் போக அந்த ரேட்டும் ஏறும். முன்னூறு அடில லேசா ஈரம் தட்டும், வண்டிக்காரரு "இன்னும் நூறு போலாமாண்ணா"ன்னு கேப்பாரு, நூறு போலாம், அங்கயும் புகை, இன்னொரு நூறு போலாம், அந்த நேரத்துல கொல்லைக்காரர் மூஞ்சிய பாத்திருக்கீங்களா, நிறுத்தவும் முடியாது போகவும் முடியாது, பொண்டாட்டி நகை ஏற்கனவே கூட்டுறவு பேங்குல இருக்கும். எண்ணூறு தொள்ளாயிரத்துல ஒரு இடுக்குல தண்ணி பீச்சி அடிச்சிட்டா கும்பல்ல ஒரு சத்தம் வரும் பாருங்க, கிரிக்கெட்டுல கூட அப்படி வராது.

நானும் அந்தக் கும்பல்ல நின்னு சத்தம் போட்டவன்தான். சந்தோஷம் நிசம்தான், அதை நான் கேலி பண்ணல.

ஆனா அந்தத் தண்ணி யாரோடது? எங்க மாவட்டத்துக்கு அடில பூரா பாறை. ஆத்தோரத்து ஊர்ங்க மாதிரி மணல்ல ஊறி நிக்கிற தண்ணி இல்ல இது. மேல கொஞ்சம் மக்குன கல்லுல நிக்கும், அதுக்குக் கீழ பாறை விரிசல்ல ஓடும். என் கொல்லைக்குக் கீழ இருக்குற விரிசல் வரப்போட நின்னுடாது, பக்கத்துக் கொல்லைக்கும் போகும், அதுக்கடுத்த கொல்லைக்கும் போகும். நான் ஆழமா போட்டு ஏழரை எச்பி மோட்டார இறக்குனா அந்த விரிசல் மூலமா அவங்க கிணத்துத் தண்ணி என் பைப்புல வரும். எல்லா எடத்துலயும் இப்படியேன்னு சொல்ல முடியாது, சில எடத்துல பக்கத்துல பக்கத்துல ரெண்டு போர் இருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்காது, பாறை அப்படி. இருந்தாலும் எங்க ஊர்ல தொறந்த கிணறு ஒண்ணொண்ணா குப்பைக் குழியா மாறுனது யாரும் சாபம் விட்டதால இல்ல.

இதை எங்க மாமாகிட்ட சொன்னேன். அவரு போர்தான் எங்க சுத்துல பெருசு, தக்காளியும் வாழையும் வச்சிருக்காரு. "ஏன்டா, என் பட்டா நிலத்துல நான் ஓட்டை போடறதுக்கு எவன்கிட்ட கேக்கணும்? சட்டத்துல எங்கனா இருக்கா காட்டு"ன்னாரு.

விஷயம் என்னன்னா, எவ்வளவு தண்ணி எடுக்கலாம்ங்கறதுல சட்டம் மாமா பக்கம்தான் இருக்கு. 1882ல வெள்ளைக்காரன் போட்ட ஈஸ்மென்ட் சட்டம், அப்பவே சென்னை மாகாணத்துக்கும் சேத்து வந்தது, அதுல நிலத்துக்காரன் தன் நிலத்துக்கு அடில இருக்குற தண்ணிய தன் எல்லைக்குள்ள எடுத்துக்கலாம்னு இருக்கு, அந்தத் தண்ணி தெரிஞ்ச ஒரு வாய்க்கால் மாதிரி ஓடாத வரைக்கும். இந்த யோசனையோட வேரு இங்கிலாந்துல. அங்க ஒரு பஞ்சு மில்லுக்காரரு கிணறு வெட்டி மில்ல ஓட்டிக்கிட்டு இருந்தாரு, பக்கத்துல ஒருத்தர் நிலக்கரிக்குக் குழி தோண்டுனாரு, மில்லுக்காரர் கிணறு காஞ்சு போச்சு, கோர்ட்டுக்குப் போனாரு, 1843ல கோர்ட்டு நட்டம் உனக்குதான், ஆனா அவன் பண்ணது தப்பில்லன்னு அனுப்பிடுச்சு. அதுக்குச் சொன்ன காரணத்துல ஒண்ணு, பூமிக்கு அடில தண்ணி எப்படிப் போவுதுன்னு யாருக்கும் கண்ணுக்குத் தெரியாது, தெரியாத விஷயத்துக்கு ஒருத்தனை எப்படிப் பொறுப்பாக்குறதுன்னு. அன்னிக்கு அது நியாயமா கூட இருந்திருக்கலாம். இன்னிக்கு நிலத்தடி நீர் வாரியம் பிர்கா பிர்காவா (பிர்கான்னா தாலுக்காவுக்குக் கீழ வர்ற பிரிவு) கணக்கு எடுக்குது, வருசத்துக்கு ஊறுறதை விட அதிகமா உறிஞ்சுற பிர்காவுக்குத் தனியா ஒரு பேரு வச்சு லிஸ்ட் போடுது, எங்க மாவட்டத்துப் பேருங்க அந்த லிஸ்ட்ல வரிசையா நிக்குது. தெரியாதுன்னு சொல்ற காலம் போயிடுச்சு, தெரியாதுங்கறதை வச்சு குடுத்த உரிமை மட்டும் போகல.

இதுல எனக்குக் கோவம் வர்ற எடம் வேற. நம்ம ஆளுங்களுக்கு வரம்புன்னா என்னன்னு தெரியாம இல்ல. எங்க தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க, நிலம் எவ்வளவுன்னு ஒரு வரி, அதுக்கப்புறம் பூரா அடுத்தவன் உரிமைதான்: இன்னாருக்கு மாமூல் நடை பாத்தியம், வண்டிப் பாத்தியம், கிணத்துல நாலுல ஒரு பங்கு, வாய்க்கால்ல தண்ணி கொண்டு போற பாத்தியம். நிலம் உன்னுதுதான், ஆனா பின்னாடி கொல்லைக்காரன் மாட்டோட உன் வரப்பு மேல நடந்து போவான், நீ முள்ளு போட முடியாது, போட்டா வெட்டு குத்து. கிணத்துல அண்ணன் தம்பி மொற வச்சு எறைப்பாங்க, மூணு நாளு ஒருத்தர், மூணு நாளு இன்னொருத்தர், மாடு கட்டி கவலை எறைச்ச காலத்துலருந்து அதுதான். தம்பி மொறையில அண்ணன் ஒரு சால் எறைச்சா அன்னிக்கு ரெண்டு வீட்டுக்கும் அடுப்பு எரியாது. கண்ணுக்குத் தெரியற தண்ணிக்கு அவ்வளவு கறாரா கணக்கு வச்ச அதே குடும்பங்க, தண்ணி ஆயிரம் அடிக்குக் கீழ போனதும் மொறையும் இல்ல பங்கும் இல்லன்னு ஆயிட்டாங்க.

கரண்டும் இதுக்கு ஒரு காரணம், விவசாய சர்வீசுக்குக் காசு இல்ல. இலவச கரண்ட வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், அது இல்லன்னா எங்க பக்கம் பாதி பேர் என்னிக்கோ பெங்களூர் மேஸ்திரி வேலைக்குப் போயிருப்பாங்க, மிச்சப் பாதி பேர் இப்பவே போய்க்கிட்டுதான் இருக்காங்க.

அரசாங்கம் எதுவுமே பண்ணலையான்னா, சென்னைக்கு 1987லயே தனிச் சட்டம் வந்துடுச்சு, மெட்ராஸ்காரங்க குடிக்கணும் இல்ல. மத்த ஊர்ங்களுக்கு 2003ல ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டாங்க, அதை நடைமுறைக்கே கொண்டு வராம 2013ல ரத்தும் பண்ணிட்டாங்க. போர் விஷயத்துல கெடுபிடின்னு ஒண்ணு வந்தது குழந்தைங்க விழ ஆரம்பிச்சப்புறம்தான். சுப்ரீம் கோர்ட் 2010ல ரூல் போட்டுச்சு, போர் போடறதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும், போர்டு வைக்கணும், வேலி போடணும், தண்ணி வரலன்னா மூடணும்னு. அப்படி இருந்தும் 2019ல மணப்பாறை பக்கம் ரெண்டு வயசுக் கொழந்தை, தீபாவளி அன்னிக்கு தமிழ்நாடே டிவி முன்னாடி உக்காந்து பாத்தோம். ஓட்டைய மூடாம விட்டா குத்தம். அந்த ஓட்டையால ஊர்ல பாதிப் பேருக்குத் தண்ணி இல்லாம போனா அது குத்தம் இல்ல.

கேரளாவுல பிளாச்சிமடா கதை எல்லாருக்கும் தெரியும், கோக்கோ கோலா கம்பெனி உறிஞ்சுனது. 2003ல ஹைகோர்ட்டுல ஒரு நீதிபதி நிலத்தடி நீரு பொதுச் சொத்து, நிலம் உன்னுதுங்கறதுக்காக எவ்வளவு வேணா எடுக்க முடியாதுன்னு சொன்னாரு. 2005ல ரெண்டு நீதிபதி பெஞ்சு அதை மாத்தி, நிலத்துக்காரனுக்கு உரிமை உண்டு, ஆனா அளவோடன்னு ஒரு நாளைக்கு அஞ்சு லட்சம் லிட்டர் வரைக்கும் எடுத்துக்கலாம்னுச்சு. கம்பெனின்னா நமக்கு உடனே புரிஞ்சுடுது, கொடி பிடிக்கிறோம். மாமான்னா புரியறதில்ல.

இன்னொண்ணு இருக்கு, அது பல்லுல தெரியும். எங்க மாவட்டத்துல ஒரு தலைமுறைக்கே பல்லு காவி புடிச்சிருக்கும், சிரிக்கும்போது கைய வச்சு மறைப்பாங்க, சில ஊர்ல வயசானவங்களுக்கு முதுகே நிமிராது. புளோரைடு. பாறையிலருந்து தண்ணில இறங்குறது. ஒரு லிட்டர்ல ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு, அதைத் தாண்டுன போர்ங்க எங்க பக்கம் நெறைய. அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடன்ல, 2013ல தொறந்தாங்க. அதாவது ஊருக்கு அடில இருக்குற தண்ணிய நம்ம இஷ்டத்துக்கு எடுத்துக்கிட்டு, குடிக்கிறதுக்குக் காவேரியிலருந்து கடன் வாங்கி பைப்புல கொண்டு வர்றோம். என் இஷ்டம்னு சொன்னா அதோட பில்லும் என்னுதா இருக்கணும் இல்லியா, பில்லு மட்டும் எப்படி எல்லாருக்கும் பொதுவாச்சு?

சரி, இப்ப அந்தப் பக்கம் வருவோம், எழுதறதுக்கே கை கூசுற பக்கம்.

இதே மாமா, அவர் போருக்கு யாரும் கேள்வி கேக்கக்கூடாதுன்னு சொன்ன மாமா, தெருவுல ஒரு பொண்ணு காலேஜ்ல கூடப் படிச்ச வேற சாதிப் பையனைக் கட்டிக்கப் போறேன்னு சொன்னப்ப முதல் ஆளா போய் திண்ணைல உக்காந்தாரு. "ஊருக்குன்னு ஒரு கட்டுப்பாடு இருக்குதும்மா, நீ பாட்டுக்கு உன் இஷ்டத்துக்கு முடிவு எடுக்க முடியாது"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னாரு. நான் அங்கதான் நின்னேன். அது எம்.எஸ்சி முடிச்ச பொண்ணு, இருபத்து மூணு வயசு. அது யாரைக் கட்டிக்கிட்டா யார் கிணறு காயும்? அதுகிட்ட போன் எப்பப் பாத்தாலும் யார் கையிலயோதான் இருக்கும், அப்பா கையில, அண்ணன் கையில, பாஸ்வேர்டு வீட்ல எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பேரு பாசம். (அந்தக் கதை கடைசில நல்லபடியாத்தான் முடிஞ்சுது, ரெண்டு பேரும் இப்ப கோயம்புத்தூர்ல இருக்காங்க, மாமா இன்னும் அந்த வீட்டோட பேசறதில்ல.)

எல்லாக் கதையும் அப்படி முடியல. எங்க மாவட்டத்துப் பேரு நாடு பூரா கெட்டது எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். 2012 நவம்பர் 7, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிங்க, ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கு இருநூத்துக்கு மேல வீடுங்க எரிஞ்சும் சூறையாடப்பட்டும் போச்சு. எரிச்சவங்ககிட்ட கேட்டா அவங்களும் ஊர், மானம், கட்டுப்பாடுன்னுதான் பேசுவாங்க. அந்தக் காலனில இருந்தவங்க பீரோ, சைக்கிள், பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் எல்லாம் அந்தக் கட்டுப்பாட்டுலதான் போச்சு. 2011லயே தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலதான் சுப்ரீம் கோர்ட் கட்டப் பஞ்சாயத்து சட்ட விரோதம்னு சொல்லிடுச்சு, 2018ல இன்னும் தெளிவா, வயசு வந்த ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்க ஊரோ சாதியோ குடும்பமோ யாரும் சம்மதம் குடுக்கணும்னு அவசியம் இல்லன்னு சொன்னாங்க. திண்ணைக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரல.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. பதினாறு வயசுப் பொண்ணை அத்தை மகனுக்குக் கட்டி வைக்கும்போது மட்டும் ஊருக் கட்டுப்பாடு காணாம போயிடும். "என் பொண்ணு, என் முடிவு, உனக்கென்ன"ன்னு அப்பன்காரன் கேப்பான், மொய் எழுதிட்டு சாப்ட்டுட்டு வந்துடுவோம். 2006 சட்டப்படி பொண்ணுக்குப் பதினெட்டு, பையனுக்கு இருபத்தி ஒண்ணு, 1098க்கு ஒரு போன் போட்டா ஆளு வருவாங்க, ஆனா போன் போட்டவன் யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் ஊர்ல முதல் வேலையா இருக்கும். பதினாறு வயசுல அவளைக் கேக்காம கட்டி வைக்கிறது அப்பனோட உரிமை, இருபத்து மூணு வயசுல அவளே சொன்னா ஊரோட அவமானம்.

அப்ப சர்க்கார் வந்து எல்லாத்துக்கும் பர்மிட்டு போடட்டும்னு சொல்றியான்னு கேப்பீங்க. அதைச் சொல்ல எங்க மாவட்டத்துல யாருக்கும் அவ்வளவு சுலபமா வாய் வராது. அரூர் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடறோம்னு பாரஸ்ட், போலீஸ், ரெவின்யூ ஆளுங்க உள்ள போனாங்க, அடிச்சாங்க, வீட்டை இடிச்சாங்க, பதினெட்டு பெண்களைப் பலாத்காரம் பண்ணாங்க. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர்ல. குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள செத்தே போயிட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளின்னு கோர்ட்டு சொல்லுச்சு, 2023ல ஹைகோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. காட்டைக் காப்பாத்தறோம்னு சொல்லிக்கிட்டு வந்தவங்கதான் அவங்க. பொது நன்மைங்கற பேர்ல யார் கையில லத்தி இருக்குன்னு பாத்துட்டுதான் நான் "கட்டுப்பாடு வேணும்"னு பேசுவேன். அவ்வளவு பெருசுக்குப் போக வேணாம், சாதாரணமா போர்ல தண்ணி எடுக்கறதுக்குப் பர்மிட்டுன்னு வந்தா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க, காசு இருக்குறவன் ஒரு வாரத்துல வாங்குவான், இல்லாதவன் ஆபீசுக்கு நடையா நடப்பான்.

அப்ப ஊர்கிட்டயே விட்டுடலாமான்னா அந்த ஊருதான் திண்ணைல உக்காந்து அந்தப் பொண்ணை மிரட்டுன ஊரு. அம்பேத்கர் 1948 நவம்பர்ல அரசியல் நிர்ணய சபைல பேசும்போது கிராமத்தை அறியாமையோட கூடாரம்னு வெளுத்து வாங்கிட்டு, கிராமத்தைத் தள்ளிட்டு தனி மனுசனை அலகா எடுத்துக்கிட்டது எனக்கு சந்தோஷம்னு சொன்னாரு. கிராமத்துல பொறந்தவனுக்கு அதைக் கேட்டா சுருக்குனு இருக்கும். எனக்கும் இருந்துச்சு. ஆனா நத்தம் காலனில நின்னுக்கிட்டு அவர் சொன்னது தப்புன்னு யாராலயும் சொல்ல முடியாது.

அதனால நான் பிரிச்சுப் பாக்குறது இப்படித்தான். ஊருக்கு அதிகாரம் இருக்கட்டும், ஆனா எதுல? பத்து பேர் பங்கு இருக்குற பொருள்ல. தண்ணி, ஏரி, மேய்க்கால், ராத்திரித் தூக்கம். ஸ்பீக்கருக்கு 2000லயே ரூல் இருக்கு, ராத்திரி பத்துலருந்து காலைல ஆறு வரைக்கும் கூடாதுன்னு, அதைக் கேக்கறதுக்கு ஊர் கூடட்டும், நான் முன்னாடி வந்து நிக்கிறேன். (ராத்திரி முழுக்க மைக் இல்லாம கூத்து நடத்துனா நான் விடிய விடிய உக்காந்து பாப்பேன், அது வேற.) ஒருத்தரோட உடம்பு, மனசு, போனு, கல்யாணம், சாமி கும்புடறது கும்புடாதது, இதுல ஊருக்குப் பங்கே கிடையாது, பங்கு இல்லாத எடத்துல பேச வாயும் கிடையாது.

ஊர் தண்ணிய மட்டும் ஒழுங்கா பாத்துக்க முடியுமான்னா முடிஞ்ச எடம் இருக்கு. மகாராஷ்டிரால அகில்யாநகர் (பழைய பேரு அகமதுநகர்) மாவட்டத்துல ஹிவரே பஜார்னு ஒரு ஊரு, நம்மள மாதிரியே காஞ்ச பூமி. அங்க பாசனத்துக்கு போர் போடக்கூடாதுன்னு கிராம சபைலயே முடிவு எடுத்தாங்க, மழை எவ்வளவு பெஞ்சிருக்குன்னு கணக்குப் பாத்து அந்த வருசம் என்ன பயிர் வைக்கலாம்னு உக்காந்து பேசுவாங்க. மழை கம்மின்னா தண்ணி குடிக்கிற பயிரு கிடையாது, எல்லாருக்கும். அதிகாரி வந்து மூடுனதில்ல, கிணத்துத் தண்ணில பங்கு இருக்குறவங்களே கூடிப் பேசுனது. எங்க தாத்தா பத்திரத்துல இருந்ததும் கிட்டத்தட்ட அதேதான், நாலு பேருக்குப் பதிலா ஊருக்கு.

நம்ம தமிழ்நாட்டுலயும் மார்ச் 22, தண்ணி தினத்துக்குன்னு ஒரு கிராம சபை இருக்கு. போன தடவ நான் ஒரு மனு எழுதிக் குடுத்தேன்: ஊர்ல எத்தனை போரு, ஒவ்வொண்ணும் எத்தனை அடி, மோட்டாரு எத்தனை எச்பி, எது வத்திடுச்சு எது ஓடுது, இதை ஒரு நோட்டுல எழுதி பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல ஒட்டணும், அவ்வளவுதான், தடை கிடை ஒண்ணும் இல்ல. மாமா எந்திரிச்சு "என் போர் எத்தனை அடின்னு ஊருக்கு எதுக்குத் தெரியணும், அது என் சொந்த விஷயம்"னாரு. நான் ஒண்ணும் பேசல, பின்னாடி மகளிர் குழு வரிசையிலருந்து ஒரு அக்கா, "ஏங்க, எங்க புள்ளைங்க போனுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும், உங்க போர் எத்தனை அடின்னு எங்களுக்குத் தெரியக்கூடாதா"ன்னு கேட்டாங்க. கொஞ்ச நேரம் சிரிப்பு. மாமாவும் சிரிச்சாரு, ஆனா அடி எத்தனைன்னு சொல்லல.

மனுவ மினிட் நோட்டுல ஏத்திக்கிட்டாங்க, யார் கணக்கெடுப்பாங்கன்னு கேட்டதுக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. அந்த அக்கா குழுவுல ரெண்டு பேரு வர்றேன்னு சொல்லியிருக்காங்க, அடுத்த லீவுல எங்க கொல்லையிலருந்து எழுத ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், ஆடி முடியறதுக்குள்ள கீழத் தெரு வரைக்கும் முடிச்சுடலாம், மாமா கொல்லைய கடைசில வச்சுக்கலாம்னு அவங்கதான் சொன்னாங்க.